நஞ்சு வடிக்கும் கருவியருகே

2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அந்நஞ்சு உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணொளியையும் உயிரையும் பறிப்பது. அதனைக் குருதியினின்று அகற்றும் வழிகளுள் ஒன்று டயாலிசிஸ் ஆகும்.

சிறுநீரகம் செயலிழந்தோர்க்கு இச்சிகிச்சையில் கழிவோடு தேங்கிய நீரையும் இறக்குவர். அதற்கென்றே முன்னும் பின்னும் எடை பார்க்கின்றனர். ஒரு கிலோ கூடியிருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் எனக் கொள்ளலாம். திசுக்களிலிருந்து நீர் குருதிக்கு ஊறி வருமுன் விரைந்து இறக்கினால் இரத்த அழுத்தம் சரியும். கொட்டாவி, வியர்வை, கெண்டைக்கால் பிடிப்பு ஆகியன அதன் முன்னறிகுறிகள். உடனே நீர் இறக்குவதை நிறுத்திக் கால்களை உயர்த்தி, வேண்டுமாயின் உப்புநீர் ஏற்றுவர்.

சாராயத்தால் வீழ்ந்தவரோ பலவேளை வாந்தியால் வற்றிய உடலோடு வருகிறார். அவரிடம் இறக்க நீர் ஏது? நஞ்சை வடித்து நீரைக் காக்க வேண்டும். மது ஹராம் எனக் கற்ற நாம் குடித்தவரை ஏசிவிடுகிறோம். செவிலியர்க்கு அவர் பிணியாளர், அவ்வளவே. வழக்கமான நான்கு மணியைக் கடந்தும் இச்சுத்திகரிப்பு நீளக்கூடும். அதுவரை அழுத்தமானியின் பட்டை அவர் கையை விட்டு அகலுவதில்லை.