யாரை யாரோடு விடுவது?

கலர் மீன் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது "இது என்ன விலை?" என்றுதான். "இது எதோடு ஒத்துப்போகும்?" என்று கேட்பவர்கள் குறைவு. நிறத்தைப் பார்த்து, ஜோடிக்கு ஒன்றாக ஐந்தாறு கவர்களில் வாங்கி, ஒரே தொட்டியில் கொட்டிவிடுகிறோம். ஒரு வாரத்தில் ஒன்றுக்கு வால் இருக்காது, இன்னொன்று மிதக்கும். "நமக்கு மீன் ராசி இல்லை" என்று தொட்டியைத் துடைத்து மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுவோம்.

பெரம்பலூரில் எங்கள் வீட்டில் சில வருடங்களாகத் தொட்டி இருக்கிறது. அதனால் தெரிந்தவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்பார்கள். பாதிப் பேரின் பிரச்னை நோயோ தீவனமோ கிடையாது, கூட்டாளி சரியில்லாததுதான். யாரை யாரோடு சேர்ப்பது என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அனுபவம் உண்டு. 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள், 2002-ல் திரும்பச் சேர்த்தார்கள், 2007-ல் மறுபடியும் பிரித்தார்கள். இப்போது இரண்டு மாவட்டமும் நல்லபடியாக இருக்கின்றன!

சண்டைக்கார மீன் என்றதும் நினைவுக்கு வருவது ஃபைட்டர். தாய்லாந்தில் வயல்களிலும் ஆழமில்லாத குட்டைகளிலும் வாழ்கிற மீன் இது. 2019-ல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. இரண்டு ஆண் ஃபைட்டர்கள் சந்தித்தால் முட்டிக்கொள்ளும். ஆனால் வயலில் தோற்றது ஓடிவிடும், ஜெயித்தது அதோடு விட்டுவிடும். கண்ணாடித் தொட்டியில் தோற்றது எங்கே ஓடும்? கொல்லும்வரை போவது அதனால்தான். மீனின் குணத்தில் பாதி, நாம் கொடுக்கிற இடத்தில் இருக்கிறது.

ஃபைட்டரைச் சின்ன பாட்டிலில் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருப்பதால் அதில் உயிரோடு இருக்கிறது. நன்றாக வாழ இருபது லிட்டராவது வேண்டும். "பாவம், தனியா இருக்கே" என்று துணை தேடவேண்டிய அவசியமே இல்லை. தனியாக இருப்பதுதான் அதன் இயல்பு. கட்டாயம் துணை வேண்டுமென்றால் நாற்பது, ஐம்பது லிட்டர் தொட்டி எடுத்துக்கொண்டு, அடித்தட்டில் மேய்கிற கோரிடோராஸ் ஆறு, அல்லது நத்தை ஒன்றிரண்டு விடலாம். கப்பி வேண்டாம். ஆண் கப்பியின் விசிறி வாலைப் பார்த்து இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துப் பாயும்.

டைகர் பார்ப் வேறு ரகம். நம் ஏரிக் கெண்டைக்குத் தூரத்துச் சொந்தம். இதைக் கூட்டமாகத்தான் வளர்க்க வேண்டும். இரண்டோ மூன்றோ விட்டால் அடுத்த மீனின் வாலைக் கடித்துக்கொண்டே திரியும். எட்டுக்கு மேல் இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடும், மற்றவை தப்பிக்கும். நீளமான துடுப்புள்ள ஏஞ்சல், கௌராமி, ஃபைட்டர் எதையும் இதனோடு சேர்க்கக் கூடாது. ஓட்டத்தில் ஈடுகொடுக்கும் ஸீப்ரா மீன்கள் சரிப்படும். ஆக, ஒரு சண்டைக்காரனைத் தனியாக வைக்க வேண்டும், இன்னொரு சண்டைக்காரனைத் தனியாக வைக்கவே கூடாது. 'முரட்டு மீன்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் இரண்டிலும் தவறிவிடும்.

குணம் பார்த்த பிறகு தண்ணீரைப் பார்க்க வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அரியலூர் பக்கம் கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லில்தான் இன்று சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன. அக்கா வீடு அரியலூரில்தான். அங்கே போர் தண்ணீர் பிடித்தால் வாளியில் வெள்ளையாகப் படியும். துணி துவைக்கிறவர்களுக்குச் சலிப்பு தரும் அந்தத் தண்ணீர், மோலி, பிளாட்டி, கப்பிக்கு நல்லது. நத்தை ஓடும் உறுதியாக இருக்கும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வந்த சிக்லிட் மீன்களுக்கும் கடின நீர்தான் பிடிக்கும். அவையும் முரடுதான். பெரிய தொட்டியில் நிறையக் கல் அடுக்கி, ஓர் ஆணுக்குப் பல பெண் என்று கூட்டமாக விட்டால் அடி ஒருவர்மேலேயே விழாமல் பரவலாகப் போகும். மென்மையான நீர் கேட்கும் நியான் டெட்ராவை அழகுக்காக இங்கே வாங்கினால், சண்டையே இல்லாமலும் வாடிப்போகும்.

சேர்க்கிற வரிசையும் முக்கியம். சாதுவை முதலில் விட்டு, அது ஒளியுமிடம் பழகியபின் முரடனை விடுங்கள். ஏற்கெனவே இருக்கும் முரடனோடு புதிதாக ஒன்றைச் சேர்ப்பதானால், கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி வைத்துவிட்டு விடுங்கள். பழைய எல்லை குழம்பிவிடும். முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். மூலையில் ஒதுங்கி நிற்பது, துடுப்பை மடக்கிக்கொள்வது, தீவனத்துக்கு வராதது, இவை சாப்பிடாமல் உம்மென்று இருக்கும் குழந்தையின் அறிகுறிகள் மாதிரிதான். வால் கிழியும்வரை காத்திருக்க வேண்டாம்.

போன வருடம் அக்கா மகனுக்குக் கடையில் "ஒண்ணும் பண்ணாது தம்பி" என்று சொல்லி மோலிகளோடு ஒரு ஜோடி கன்விக்ட் கொடுத்துவிட்டார்கள். சிறைக்கைதி உடை மாதிரி கோடு போட்ட மத்திய அமெரிக்க மீன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி. ஐம்பத்தைந்து லிட்டர்தான் பிடிக்கும். ஒரு மாதத்தில் ஃபோன் வந்தது. "சித்தி, மோலி எல்லாம் ஒரே மூலையில நிக்குது. சாப்பிடக்கூட வர மாட்டேங்குது." போய்ப் பார்த்தேன். கன்விக்ட் ஜோடி பூந்தொட்டிக்குள் முட்டையிட்டுக் காவல் நின்றது. பிள்ளை பிறந்தபின் எந்தத் தாய் தகப்பன்தான் வாசலில் ஆளை விடுவார்கள்?

மாமா ஒரு வழி சொன்னார். "கோடு போட்டது ரெண்டையும் ஏரியில விட்டுடுவோம்மா. புண்ணியமாப் போகும்." பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் முடிகிறது.

நான் மாமாவிடம் கேட்டேன், "நம்ம ஏரியில இப்ப எந்த மீன் அதிகம் மாமா?" "ஜிலேபிதான்" என்றார். அந்த ஜிலேபி 1952-ல் வெளியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கன்விக்டுக்கு உறவுமுறைதான். அதுவும் குஞ்சுகளைக் காத்து வளர்த்தே நாடெங்கும் பெருகியது. தொட்டி கழுவுமென்று வாங்கும் சக்கர் மீனும், ஓரடிக்கு மேல் வளர்ந்ததும் வீட்டில் இடமில்லாமல் தமிழ்நாட்டு நீர்நிலைகளுக்குப் போய்விட்டது. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி, 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வருகிற பறவைகளுக்குச் சோறு அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. நம் தொட்டியில் ஒத்துப்போகாததை அங்கே விட்டால், சண்டை தீராது. இடம்தான் மாறும்.

அக்கா மகனிடம், "மோலி வேணுமா, இது வேணுமா? ரெண்டுல ஒண்ணுதான்" என்றேன். வெகுநேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். "குஞ்சு பொரிக்கப் போகுது சித்தி, இதுவே இருக்கட்டும்" என்றான். மோலிகள் காற்றடைத்த கவரில் ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து என் வீட்டுத் தொட்டியில் சேர்ந்தன. குஞ்சுகள் வளர்ந்ததும் கடைக்காரரே வாங்கிக்கொண்டார். பிறகு ஆணையும் பெண்ணையும் நடுவில் வலைத் தடுப்பு வைத்துப் பிரித்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் நூறு குஞ்சுக்கு யார் வீடு தேடுவது?

அடுத்த முறை கடைக்குப் போகும்போது விலைக்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இது எவ்வளவு பெரிதாகும்? தனியாக இருக்குமா, கூட்டம் கேட்குமா? ஒத்துப்போகவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? மூன்றுக்கும் பதில் சொல்கிற கடையில் வாங்குங்கள். மீன் இரண்டு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.