பின்மேட்டை மறந்து விடாதே

திகன
15.02.2026

அன்புள்ள தம்பிக்கு,

  

வீட்டுக்குக் காப்புறுதி எடுக்கச் சொன்னதற்கு, "எப்போதோ ஒருமுறை வரும் புயலுக்கு வருஷா வருஷம் ஏன் காசு கட்ட வேண்டும், நம்ம பக்கம் வெள்ளமே வராதே" என்றாய். வெள்ளம் வராது, சரிதான். மகாவலி நமக்குக் கீழே பள்ளத்தில் ஓடுகிறது. கம்பளையை மூழ்கடித்த தண்ணீர் நம் வாசலுக்கு ஏறாது. எனக்குப் பயம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேடுதான்.

போன நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் அடித்த பிறகு, தோஹாவில் இருக்கும் நீ இன்னும் வீட்டைப் பார்க்கவில்லை. குசினிக்குப் பின்னால், வீடு கட்ட மண் வெட்டிய இடத்து மதிலில் மேலிருந்து கீழாக வெடிப்பு. ஐந்து ரூபாய்க் குற்றி நுழையும். மழை விட்ட பிறகும் அதன் அடியில் சேற்றுத் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. மேலே நின்ற பலாமரம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இப்போதெல்லாம் இரவில் மழை பிடித்தால் அம்மாவை முன் அறையில்தான் படுக்க வைக்கிறேன். நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோரின் உயிர் போன புயல் அது, தம்பி. கண்டி மாவட்டத்தில் எத்தனையோ பேரை மண்தான் கொண்டுபோனது.

அரசாங்கம் தரும்தானே என்கிறாய். சுத்தம் செய்ய 25,000 ரூபாய், முற்றாக இடிந்த வீட்டுக்கு 50 இலட்சம் வரை என்று அறிவித்தார்கள். ஏழைகளுக்கு அது பெரிய உதவி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது புயலுக்குப் பிறகு எடுத்த முடிவு. 2016 ஏப்ரலில் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் மூலம் தொடங்கிய அனர்த்தக் காப்புறுதித் திட்டத்தில் உச்சத் தொகை 25 இலட்சமாக இருந்தது. அடுத்த மாதமே அரநாயக்கவில் மலை சரிந்தது. ஒவ்வொரு முறையும் தொகை வேறு, நிபந்தனை வேறு. டித்வாவின் சேதத்தை உலக வங்கி 410 கோடி டொலர் என்று கணக்கிட்டிருக்கிறது. இவ்வளவு அடி வாங்கிய நாடு அடுத்த முறையும் இதே அளவு தரும் என்று நம்பி எப்படி இருப்பது?

வங்கிக் கடனுக்காகப் போட்ட தீக்காப்புறுதி போதும் என்றும் இருந்துவிடாதே. 2018 மார்ச் கலவரத்தில் நம் ஊரில் கடைகளும் வீடுகளும் எரிந்தது உனக்கு மறந்திருக்காது. தீக்காப்புறுதிக்குள் கலவரம் தானாக அடங்காது, தனியே சேர்க்க வேண்டும். புயல், வெள்ளம், மண்சரிவுக்கும் அப்படித்தான் கேட்டுச் சேர்க்க வேண்டும். இயற்கை அனர்த்தம் என்று பொதுவாக எழுதியிருந்தால் விட்டுவிடாதே. மண்சரிவு உண்டா, நில அதிர்வு உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கு. 2020 ஓகஸ்டில் நமக்குக் கிட்ட, ஹாரகம பக்கம் நிலம் அதிர்ந்ததே.

தொகையையும் பார். திரும்பக் கட்ட 1 கோடி ஆகும் வீட்டுக்குக் கடன் அளவுக்கு 50 இலட்சம் மட்டும் போட்டிருந்தால், 10 இலட்சம் சேதத்துக்கும் 5 இலட்சம்தான் தருவார்கள். மொத்தத் தொகைக்குப் போட்டால் கட்டுப்பணம் கூடும். கூடினாலும் கட்டத்தான் வேண்டும். நீ வெயிலில் நின்று உழைத்த காசெல்லாம் இந்த ஒரு வீட்டில்தானே இருக்கிறது.

காணிக்கு மட்டும் காப்புறுதி கிடையாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்த்து, இனி இங்கே இருக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சுவர் இடியாமல் நிற்கும் வீட்டுக்கு நட்டஈடு வாங்குவது கஷ்டம். அதனால் மதிலையும் மேட்டு வடிகாலையும் முதலில் சரிசெய்ய வேண்டும். அவர்களை வரவழைத்துக் காட்ட கிராம சேவகரிடம் இந்தக் கிழமையே சொல்லப் போகிறேன்.

வங்கியில் இருக்கும் பத்திரத்தின் எல்லாப் பக்கங்களையும் வங்கியிடம் கேட்டு வாங்கி அனுப்பு, சின்ன எழுத்துப் பக்கங்கள் உட்பட. மழை எச்சரிக்கை வந்த பிறகு யாரும் புதிதாகப் போட்டுத் தரமாட்டார்கள். மே மாதத்து மழைக்கு முன்னால் முடித்துவிடுவோம்.

அன்புடன்,
அக்கா