உள் வளையத்தைத் தட்டு

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பக்கத்தில், நமுனுகுலை மலை தெரிகிற ஒரு தோட்டம். தேயிலை ஸ்டோரில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவரைப் பார்க்கப் போயிருந்தேன். லயத்து வாசலில் பையன்கள் அவரைச் சூழ்ந்திருந்தார்கள். நடுவில் பலகைக்கடியில் பழைய பெயாரிங்கைச் சில்லாகப் பூட்டிய வண்டி ஒன்று. பக்கத்தில், கொழும்பில் வேலை செய்யும் மாமா கொண்டுவந்து கொடுத்த ஸ்கேட்போர்ட். இரண்டும் கரகரத்து, இழுத்து இழுத்து ஓடின.

தேங்காயெண்ணெய் விட்டிருந்தார்கள். இந்த மலைக்குளிரில் அது உறைந்து, மண்ணையும் பிடித்துக்கொண்டது.

"எண்ணெய ஊத்துறதுக்கு முன்னாடி கழுவணும்டா" என்றார் பெரியவர்.

ஸ்கேட்போர்ட் சில்லைக் கழற்றி, பெயாரிங்கின் ரப்பர் மூடியை ஊசியால் நெம்பினார். உள்ளே ஏழு குண்டுகளும் சேற்றில் புதைந்திருந்தன. பழைய டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி, அதில் போட்டுச் சுற்றச் சுற்றக் கறுப்பாக இறங்கியது. தெளிவாகும் வரை மண்ணெண்ணெயை மாற்றினார். நன்றாகக் காய்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, அவ்வளவுதான். மூடியில்லாத வண்டிப் பெயாரிங்குக்கு மட்டும் கிரீஸ், அதையும் திணிக்கவில்லை. திணித்தால் குண்டுகள் கிரீஸைத் தள்ளிக்கொண்டே ஓட வேண்டுமாம்.

வண்டிப் பெயாரிங்கின் வளையத்தில் வெட்டியிருந்த இலக்கத்தை எனக்குக் காட்டினார்: 6204. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் துவாரம் 20 மில்லிமீட்டர். ஸ்கேட்போர்டில் இருப்பது 608. அதில் பெருக்க வேண்டியதில்லை, 8 என்றால் 8 மில்லிமீட்டரேதான்.

நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது அடுத்த வேலையை. வண்டி அச்சில் பெயாரிங்கை ஏற்றும்போது ஒரு பையன் வெளி வளையத்தில் சுத்தியலை ஓங்கினான். பெரியவர் கையைப் பிடித்துவிட்டார். "உள் வளையத்த தட்டு. வெளிய அடிச்சா அந்த அடி குண்டு வழியாத்தான் போகும், ஓடுற தடத்துல பள்ளம் விழும்." வளைய அளவுக்கு ஒரு குழாய்த் துண்டை வைத்து, நேராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி இறக்கினார். கோணலாக ஏறிய பெயாரிங்கை எந்த எண்ணெயும் காப்பாற்றாது. ஸ்கேட்போர்ட் நட்டையும் முழுக்க இறுக்கவில்லை. சில்லு அச்சில் மயிரிழை அசைய வேண்டும்.

இந்தக் கை ஸ்டோரில் பழகியது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும்போதுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் வரும். அந்த நாட்களில் கொழுந்தை உருட்டும் ரோலர் நின்றால், வாடிய கொழுந்து காத்திருக்காது. அதனால் ஓடும் இயந்திரத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பாராம். சத்தம் சொரசொரத்தால், பெயாரிங் உடைவதற்கு முன்பே மாற்றிவிடுவார். தேயிலையின் தரத்தைப் பேசுகிறவர்கள் காற்றையும் மண்ணையும் சொல்கிறார்கள்; இந்தக் காதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மழைக்குப் பிறகு ஓட்டினால் அன்றே துடைத்துக் காயவைக்கச் சொன்னார். துருவேறிய பெயாரிங்கைக் கழுவிப் பயனில்லை.

பையன்கள் புறப்பட்டபோது வண்டியை அவர் உடனே கொடுக்கவில்லை. தோட்டத்து ரோடு முழுக்க வளைவு. கொழுந்து லொறியும் அதில்தான் வரும். நன்றாக உருளும் வண்டிக்கு பிரேக் கட்டாயம் என்றார். பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி, நெம்புகட்டையில் ஆணியடித்து, பின் பெயாரிங்கில் அழுந்தும்படி பொருத்தினார். சரிவில் தானே பிடித்து நிறுத்திப் பார்த்த பிறகுதான் வண்டிக் கயிற்றைப் பையன் கையில் கொடுத்தார்.