ஏழு ஓட்டில் தோற்றவர்

அரசியலில் இருந்தவர் நீதிபதியானால் நடுநிலை எங்கிருந்து வரும் என்று கேட்கிறீர்கள், பிள்ளைகளே. நியாயமான சந்தேகம்தான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், வி.ஆர். கிருஷ்ணய்யரின் தீர்ப்புகளைப் படிக்கும்வரை.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை அவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்துவிட்டு, தலச்சேரியில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். விவசாயிகளும் தொழிலாளிகளும் அவரைத் தேடி வந்தார்கள். 1948-ல், கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று சொல்லி அவரையே பிடித்து ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். அந்த ஒரு மாதத்தை மறந்துவிடாதீர்கள்.

தலச்சேரி இருக்கும் மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1952-ல் கூத்துப்பறம்பிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்தார். 1957-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில், சுயேச்சையாக நின்று ஜெயித்த அவருக்குச் சட்டம், உள்துறை, மின்சாரம், பாசனம் என்று பல துறைகள் கிடைத்தன. சிறைத்துறையும் அவரிடமே வந்தது. உள்ளே இருந்து பார்த்தவர் கையிலேயே சாவி!

1959-ல் அந்த ஆட்சியை மத்திய அரசு கலைத்தது. அடுத்த தேர்தலில் ஏழே ஓட்டில் தோற்றார். வழக்குப் போட்டு, அந்த இடத்தை நீதிமன்றத்தின் மூலம் மீட்டார். 1965-ல் மறுபடியும் தோல்வி. பதவி போனதும் முடங்கிப்போன அரசியல்வாதிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குத் திரும்பினார். 1968-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

1973-ல் உச்ச நீதிமன்றத்துக்கு அவர் பெயர் வந்தபோது, பழைய கம்யூனிஸ்ட் மந்திரி என்று எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்களில் ஒருவரான வழக்கறிஞர் சோலி சொராப்ஜி, அது தவறு என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார்.

1975 ஜூனில் சோதனை வந்தது. பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கோடை விடுமுறையில் உச்ச நீதிமன்றத்தில் இருந்தவர் கிருஷ்ணய்யர். சட்ட அமைச்சர் கோகலே அவரைச் சந்திக்க விரும்பித் தொலைபேசியில் பேசினார். மேல்முறையீடு என்றால் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள், என்னைச் சந்திக்க வேண்டியதில்லை என்று இவர் சொல்லிவிட்டார். மந்திரியாக இருந்தவருக்கு மந்திரிகள் எதற்காகக் கூப்பிடுவார்கள் என்று தெரியாதா என்ன! ஜூன் 24-ல் உத்தரவு வந்தது: பிரதமராக நீடிக்கலாம், அவையில் பேசலாம், ஆனால் உறுப்பினராக வாக்களிக்கக் கூடாது, அதற்கான சம்பளமும் வாங்கக் கூடாது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மந்திரியாக இருந்தவருக்கு மந்திரிகள் எதற்காகக் கூப்பிடுவார்கள் என்று தெரியாதா என்ன!

ஆனால் அவருடைய அரசியல் வாழ்க்கை வீண்போகவில்லை என்பதற்குச் சாட்சி அந்தப் பெரிய வழக்கு இல்லை. மோத்திராம் என்ற ஏழைக் கொத்தனாரின் வழக்குதான். ஜாமீனுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு ஆள் பிணை கேட்டார் மாஜிஸ்திரேட். அவருடைய சகோதரர் பிணை கொடுக்க வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று நிராகரித்தார்கள். 1978-ல் கிருஷ்ணய்யர் ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். ஓட்டுக் கேட்டுக் குடிசை குடிசையாக ஏறி இறங்கியவருக்குப் பத்தாயிரம் என்பது ஒரு கொத்தனாருக்கு எவ்வளவு தூரம் என்று தெரியும்.

திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, வார்டர் ஒருவர் சக கைதியைச் சித்திரவதை செய்ததை நீதிபதி ஒருவருக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். வக்கீல் இல்லை, முத்திரைத்தாள் இல்லை. அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று, சிறைக்குள் போனாலும் மனிதனின் அடிப்படை உரிமைகள் வெளியில் நின்றுவிடுவதில்லை என்று 1979-ல் தீர்ப்பு எழுதினார் கிருஷ்ணய்யர். 1948-ன் அந்த ஒரு மாதம் அதில் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

அந்தத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். அவருடைய ஆங்கிலம் கொஞ்சம் கரடுமுரடு, பக்கத்தில் அகராதி வைத்துக்கொள்ளுங்கள். புரியாத இடத்தில் என்னிடம் வாருங்கள், சேர்ந்து படிக்கலாம்.