இரண்டு ஈக்கள்

அப்பாவின் காலில் கட்டை அவிழ்த்தபோது புழுக்கள் நெளிந்தன. சர்க்கரைப் புண். மாட்டுக்குச் செய்வதைத்தான் நானும் செய்தேன்: டர்பன்டைன் ஊற்றி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொன்றேன். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, 'அங்கேதான் உணர்ச்சியே இல்லையே' என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

பிறகுதான் படித்தேன். பச்சை ஈ என்று ஒரே பெயரில் நாம் விரட்டுவதில் பல ஜாதி. அதில் இரண்டு, ஒரே குடும்பம், ஒரே உலோகப் பளபளப்பு. லூசிலியா செரிகேட்டா பிணத்தைத் தேடிப் போவது. அதன் புழு அழுகிய சதையை உமிழ்நீரால் கரைத்துக் குடிக்கிறது. கிரைசோமியா பெஸ்ஸியானா பிணத்தில் முட்டையிடாது. உயிருள்ள மிருகத்தின் புண்ணோரம்தான் வேண்டும். அதன் புழு தலைகீழாகத் துளைத்து இறங்கி, மூச்சுவிட வாலை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, நல்ல சதையைத் தின்கிறது. முன்னது இல்லாவிட்டால் செத்த நாய் தெருவில் இன்னும் சில நாள் கிடக்கும். பின்னது இல்லாவிட்டால் எந்த மாடும் வருந்தப்போவதில்லை.

1917-ல், யுத்தத்தில், வில்லியம் பேயர் என்ற அமெரிக்க டாக்டரிடம் இரண்டு சிப்பாய்களைக் கொண்டுவந்தார்கள். தொடையெலும்பு முறிந்து, வயிற்றில் காயத்தோடு ஏழு நாள் போர்க்களத்தில் கிடந்தவர்கள். காய்ச்சலில்லை. புண்ணில் ஆயிரக்கணக்கில் புழுக்கள். கழுவியபோது அடியில் இளஞ்சிவப்பாகப் புதுச்சதை. பின்னாளில் எலும்பில் சீழ் வைத்தவர்களுக்கு அவரே புழு வளர்த்து வைத்தார். 2004-ல் அமெரிக்க அரசு லூசிலியாப் புழுவை வைத்திய சாதனமாக அனுமதித்தது.

இதை ஒரு கவிஞரிடம் சொன்னேன். 'அப்போ விமர்சகன் எந்த ஈ?' என்றார். கேட்பார் என்று தெரியும். செத்ததை மட்டும் தின்கிறவன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் இங்கிலாந்துச் செம்மறிகளின் அழுக்கேறிய ரோமத்தில் இதே லூசிலியா முட்டையிட்டால், புழு உயிருள்ள தோலையும் விடுவதில்லை. ஆஸ்பத்திரியிலும் எண்ணிக்கையும் நாளும் பார்த்துத்தான் புண்ணில் விடுகிறார்கள். உவமை அங்கே உடைந்தது; நான் ஒட்டவைக்கவில்லை.

அப்பாவிடமிருந்து எடுத்தவற்றை நான் உற்றுப் பார்க்கவில்லை. மேலே மேய்ந்துகொண்டிருந்தனவா, தலை புதைத்திருந்தனவா? சுலபமாக இடுக்கிக்கு வந்தன என்று ஞாபகம். சில வரவில்லை என்றும் ஞாபகம். பதினைந்தாம் நாள் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

'எத்தனை இருந்ததுடா?' என்று அப்பா ஒரே ஒருமுறை கேட்டார். பாங்கில் இருக்கிறவன் எண்ணியிருப்பான் என்று நினைத்திருக்கலாம். நான் எண்ணவில்லை.