ஓரியூர் செம்மண்ணும் ஒரு தாயின் நேர்த்திக்கடனும்

ராமநாதபுரம் மாவட்டம், திருவாடானை வட்டத்தில் பாம்பாற்றங்கரையில் இருக்கிறது ஓரியூர். வானம் பார்த்த பூமி. கண்மாய்கள், பனைமரங்கள், கருவேலங்காடு என்று நீளும் பாதையின் முடிவில் புனித அருளானந்தர் திருத்தலம் வந்துவிடுகிறது. அங்கே எல்லோரும் தேடிப்போவது ஒரு மணல் மேட்டைத்தான். செக்கச்செவேல் என்று இருக்கும் அந்த மணலைக் கிள்ளிப் பிள்ளைகளின் நெற்றியில் பூசுகிறார்கள். கொஞ்சம் பொட்டலம் கட்டி வீட்டுக்கும் எடுத்துப் போகிறார்கள். அருளானந்தரின் ரத்தம் சிந்தியதால்தான் இந்த மண் சிவந்தது என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை.

இங்கே வருகிறவர்களில் கத்தோலிக்கர்களும் உண்டு, இந்துக்களும் உண்டு. பிள்ளை வரம் கேட்டு வருகிறார்கள். பிள்ளை பிறந்ததும் தூக்கிக்கொண்டு வந்து மொட்டை அடிக்கிறார்கள். தென்னங்கன்று கொண்டுவந்து காணிக்கையாக வைக்கிறார்கள். ஆடு வெட்டிச் சமைத்து, வந்தவர்களுக்கெல்லாம் அசனம் போடுகிறார்கள். நோயில் கிடந்த பிள்ளை எழுந்து நடந்ததற்கு நன்றி சொல்ல வரும் தாய்மார்களை எந்த மாதத்திலும் பார்க்கலாம்.

அந்தத் தாய்மார்களில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அருளானந்தரே ஒரு நேர்த்திக்கடன் பிள்ளைதான்.

அவருடைய இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647 மார்ச் 1-ம் தேதி போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரில் பிறந்தவர். பெரிய இடத்துப் பிள்ளை. தந்தை பிரேசிலில் ரியோ டி ஜெனீரோவின் ஆளுநராக இருந்தவர். ஜான் சின்னஞ்சிறு பிள்ளையாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். சிறுவன் அரண்மனையில், இளவரசன் பேத்ருவின் தோழனாக வளர்ந்தான்.

பத்துப் பதினொரு வயதில் ஜானுக்குக் கடுமையான நோய் வந்தது. வைத்தியர்கள் கைவிரித்த நேரத்தில், தாயார் பியாட்ரிஸ் புனித சவேரியாரிடம் மன்றாடினார். ‘என் மகன் பிழைத்தால், ஓராண்டு முழுக்க அவனுக்கு இயேசு சபையின் அங்கியை உடுத்துகிறேன்’ என்று நேர்ந்துகொண்டார். அந்த சவேரியார் வேறு யாருமல்ல, 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, கடற்கரை ஊர்களில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு மந்திரம் சொல்லிக்கொடுத்தவர்தான்.

ஜான் பிழைத்துக்கொண்டான். தாயார் சொன்ன சொல் தவறவில்லை. பட்டும் சரிகையும் மினுங்கும் அரண்மனையில், ஒரே ஒரு சிறுவன் மட்டும் ஓராண்டு காலம் துறவியைப் போலக் கறுப்பு அங்கியில் நடமாடினான். நேர்த்திக்கடன் முடிந்து அங்கியைக் கழற்றிய பிறகும் சவேரியார் அவன் மனதை விட்டு இறங்கவில்லை. அவர் நடந்த நாட்டில் தானும் நடக்க வேண்டும் என்ற ஆசை வளர்ந்தது. 1662 டிசம்பரில், 15 வயதில், இயேசு சபையில் சேர்ந்தான். ஒரு வருஷத்துக்கு என்று தாய் போட்டுவிட்ட அங்கியை மகன் ஆயுளுக்கும் எடுத்துக்கொண்டான்.

அதைத் தாயாரால் தாங்க முடியவில்லை. 1673-ல் மகன் இந்தியாவுக்குக் கப்பல் ஏறப்போகிறான் என்று தெரிந்ததும், தனக்குள்ள செல்வாக்கையெல்லாம் பயன்படுத்தித் தடுக்கப் பார்த்தார். போப்பாண்டவரின் தூதரிடம்கூட முறையிட்டார். மகன் நிற்கவில்லை. கோவாவில் வந்து இறங்கினார். பிறகு மதுரை மிஷனுக்கு வந்து தமிழ் படித்தார், காவி உடுத்தினார், புலால் உணவை விட்டார். அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு, பண்டார சுவாமியாக ஊர் ஊராக நடந்தார்.

1686-ல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். விடுதலையான பிறகு சபையின் வேலையாக லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டார். பழைய தோழன் பேத்ரு இப்போது மன்னர். இங்கேயே இருந்துவிடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டும் அருளானந்தர் கேட்கவில்லை. 1690-ல் மறுபடியும் இந்தியா வந்தார்.

அவருடைய முடிவுக்குக் காரணமானதும் ஒரு வேண்டுதல்தான். மறவர் சீமையில் தடியத் தேவர் என்ற சிற்றரசர் நோயில் கிடந்தார். அவருக்காகக் கிறிஸ்தவர்கள் மன்றாடினார்கள். அவர் எழுந்தார், ஞானஸ்நானம் கேட்டார். ஒரே மனைவியுடன்தான் வாழ வேண்டும் என்பது கிறிஸ்தவ முறை. மூத்த மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். சேதுபதியின் கோபம் அருளானந்தர் மேல் திரும்பியது. ஓரியூருக்குக் கொண்டுவரப்பட்ட அவர், சிறையில் கரியைக் கரைத்த மையால் சபையினருக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன் அன்று அவர் தலை வெட்டப்பட்டது. அப்போது வயது 45.

சேதி கடல் கடந்து லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. மன்னர் பேத்ரு நன்றி வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தார். தாயார் பியாட்ரிஸும் வந்திருந்தார். அவர் உடுத்தியிருந்தது துக்க உடை அல்ல, திருவிழா உடை.

மகனைக் கப்பலேறவிடாமல் தடுக்கப் பார்த்த அதே தாய்தான் அவர். இந்த இருபது ஆண்டுகளில் அந்த மனம் எப்படி மாறியது என்று அவர் எழுதி வைக்கவில்லை. அழாமல் இருந்திருப்பார் என்று எந்தத் தாயும் நம்பமாட்டாள். ஆனால், சவேரியாரிடம் கேட்டு வாங்கிய பிள்ளை இது என்பதை அவர் மறந்திருக்கவும் மாட்டார்.

1853-ல் அருளாளர் பட்டமும், 1947 ஜூன் 22-ல் புனிதர் பட்டமும் அருளானந்தருக்குக் கிடைத்தன. மதுரை அருகே கருமாத்தூரில் அவர் பெயரில் ஒரு கல்லூரி இருக்கிறது. தென் மாவட்டங்களில் அருளானந்தம், பிரிட்டோ என்று பெயர் வைத்த பிள்ளைகள் ஏராளம்.

ஓரியூருக்குப் போக விரும்புகிறவர்கள் தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போகலாம். பிப்ரவரி 4-ஐ ஒட்டிப் போனால் திருவிழாக் கூட்டத்தைப் பார்க்கலாம். அமைதியாக உட்கார்ந்து ஜெபிக்க நினைப்பவர்கள் மற்ற நாட்களில் போவது நல்லது. வெயில் கடுமையாக இருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் தண்ணீரும் குடையும் எடுத்துச் செல்லட்டும்.

சாயங்காலம், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் பஸ் ஏறுகிறார்கள். முந்தானையில் செம்மண் பொட்டலம். பிள்ளை நோய்நொடியில்லாமல் நல்லா இருக்கணும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. 350 ஆண்டுகளுக்கு முன்னால், லிஸ்பனில் மகனின் கட்டிலருகே உட்கார்ந்து பியாட்ரிஸ் கேட்டதும் அதைத்தான்.