ஆசனத்தின் உயரம்

படப்பைக்கு அணித்தாயுள்ள ஒரகடத்தில் தொழிற்சாலை நடாத்தும் ராயல் என்பீல்டு கம்பெனியார் 2023-ஆம் ஆண்டில் ‘ஹிமாலயன் 450’ என்னும் மோட்டார் சைக்கிளை வெளியிட்டனர். அதன் ஆசனத்தை 825 மில்லிமீட்டர், 845 மில்லிமீட்டர் என்னும் இரு உயரங்களில் அமைத்துக்கொள்ளலாம். வேறுபாடு ஒரு விரற்கடையே. இதனால் ஆவதென்னை என்பாரும் உளர்.

கரடுமுரடான வழியில் அடிப்பாகம் கல்லில் மோதாதிருக்க வண்டி உயர்ந்து நிற்றல் வேண்டும். ஆசனமும் உடன் உயரும். குறுகிய உருவினனாகிய எனக்கு உயர்ந்த ஆசனத்தில் கால்விரல் நுனியே தரையைத் தொட்டது. மேடுபள்ளத்தில் நிறுத்துங்கால் வண்டி சாயின் தாங்குதல் அரிது. ஆசனத்தைத் தாழ்த்தியபின் முன்பாதம் ஊன்றிற்று, அச்சமும் தணிந்தது. நெடியவரான என் நண்பருக்கோ தாழ்ந்த ஆசனத்தில் முழங்கால் மிக மடங்கி நொந்தது, அவர் உயர்த்திக்கொண்டார்.

யாவரும் ஓரளவினர் எனக் கொண்டு செய்யும் பொருள் பலரை விலக்கிவிடும். தொழிற்கலை பயிலும் மாணவ நண்பர்கள் இதனை மனத்திற் கொள்வாராக.